ஒரே மழையை நம்பும் பல வருமானங்கள்

நாற்பது வயதை நெருங்கும் வாசகி ஒருவர், பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளோடு எழுதியிருக்கிறார். மாமனார் பெயரில் ஐந்து ஏக்கர் நிலம் இருக்கிறது. நான்கு ஏக்கர் மானாவாரி, ஒரு ஏக்கருக்கு மட்டும் கிணற்றுத் தண்ணீர். இரண்டு பருவங்களாக மழை பொய்த்ததில், விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கைமாற்றே இன்னும் அடையவில்லை. நிலத்தை அடமானம் வைத்துப் பத்துக் கறவை மாடுகள் வாங்கிவிட்டால் இனி மழையை எதிர்பார்க்க வேண்டியதில்லை என்கிறார் கணவர். அதற்கு மாமனாரின் பத்திரமும், ஜாமீனாக வாசகியின் கையெழுத்தும் தேவைப்படுகின்றன. கடனே வேண்டாம், மானாவாரியில் ஒரு ஏக்கரை விற்றுவிட்டு மாடு வாங்கலாம் என்பது வாசகியின் எண்ணம். இதற்கிடையில் ஒரு நிறுவனம், காய்கறி பயிரிட்டால் ஒப்பந்த அடிப்படையில் உறுதியான விலைக்கு வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறது. நகரத்தில் கட்டட வேலை செய்யும் கொழுந்தனார் அவ்வப்போது பணம் அனுப்புகிறார். வேலையில்லாத மாதங்களில் தானும் அங்கே போகட்டுமா என்று கணவர் கேட்டதற்கு, "உழுது பிழைத்த குடும்பம் கூலிக்குப் போவதா" என்று மாமனார் மனம் உடைந்திருக்கிறார். வாசகி இரவில் அக்கம்பக்கத்தாருக்குத் துணி தைத்துக் கொடுக்கிறார். அதைக் "கைச்செலவுக்கு" என்று ஒரே வரியில் சொல்லி நிறுத்திவிட்டார். "எங்களுக்கு இன்னும் எத்தனை வருமானம் இருந்தால் பயமில்லாமல் வாழலாம்?" என்பதே அவருடைய இறுதிக் கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் கணக்கும் கவலையும் கலந்தே வருகின்றன. முதலில் உங்கள் மாமனாரின் வருத்தத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அது வீட்டில் தீராமல் கிடந்தால், மற்ற எந்த முடிவும் மனமொத்து எடுக்கப்படாது. நிலத்துக்கு வெளியே சம்பாதிப்பது விவசாயம் தோற்றதன் அடையாளம் என்று அவர் நினைக்கிறார். உண்மை நிலவரம் அப்படி இல்லை. வளரும் நாடுகளின் ஊரக வருமானங்களைத் தொகுத்து ஆராய்ந்த ஸ்டீவன் ஹாக்ப்ளேட், பீட்டர் ஹேசல், தாமஸ் ரியர்டன் ஆகிய மூவரும் 2010-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையின்படி, ஆப்பிரிக்காவில் ஊரக வருமானத்தில் சுமார் 35 சதவீதமும், ஆசியாவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் ஏறத்தாழ 50 சதவீதமும் விவசாயம் அல்லாத வேலைகளிலிருந்து வருகின்றன. அதாவது, உலகின் பெரும்பாலான பகுதிகளில் விவசாயக் குடும்பம் என்பதே, வயலோடு வேறு சிலவற்றையும் சேர்த்து வாழும் குடும்பம்தான். வெளியிலிருந்து வரும் பணம்தான் பல வீடுகளில் விதை வாங்கவும், விலை ஏறும் வரை விளைச்சலை விற்காமல் வைத்திருக்கவும் உதவுகிறது. கணவர் சில மாதங்கள் வெளியே போனால் நிலம் கைவிடப்படுவதில்லை, கைவிடாமல் காப்பாற்றப்படுகிறது என்று மாமனாரிடம் நீங்கள் தாராளமாகச் சொல்லலாம்.

ஆனால் இதில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஊரக வாழ்வாதாரங்களை நெடுங்காலம் ஆராய்ந்த பிராங்க் எல்லிஸ், கட்டாயத்தால் பல தொழில்களுக்குப் பிரிவதும் விருப்பத்தோடு பிரிவதும் ஒன்றல்ல என்று 1998-இலேயே விளக்கியிருக்கிறார். கையில் ஒன்றுமில்லாமல் கிடைத்த வேலைகளையெல்லாம் பிடித்துக்கொள்ளும் குடும்பம், நாலைந்து வருமானங்கள் இருந்தும் அப்படியே இருக்கும். சற்று சேமிப்பும், படிப்பும், தொழிலறிவும் உள்ள குடும்பம், ஒரே ஒரு கூடுதல் வருமானத்தைத் தேர்ந்தெடுத்தே மேலே வரும். உங்கள் குடும்பம் இப்போது இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஆகவே அவசரப்பட்டு எடுக்கும் முடிவு உங்களை எந்தப் பக்கமும் தள்ளிவிடும்.

எத்தனை என்பதைவிட, எவை சேர்ந்து விழும் என்பது

"எத்தனை வருமானம்" என்ற உங்கள் கேள்விக்கு எண்ணால் பதில் சொன்னால் அது உங்களைத் தவறான வழியில் கொண்டுபோய்விடும். நீங்கள் பட்டியலிட்டவற்றை ஒருமுறை மழையோடு பொருத்திப் பாருங்கள். மானாவாரிப் பயிர் மழையை நம்புவது தெரிந்ததே. மாட்டுக்குத் தேவையான பசுந்தீவனமும் வைக்கோலும் அதே மழையிலிருந்து வருகின்றன. ஒப்பந்தக் காய்கறிக்குத் தேவையான கிணற்றில் ஊறுவதும் அதே மழைதான். நீங்கள் கவனிக்காமல் விட்டது இன்னொன்று: உங்களிடம் துணி தைக்கக் கொடுப்பவர்கள் எல்லோரும் அக்கம்பக்கத்து விவசாயிகள். மழை பொய்க்கும் ஆண்டில் அவர்கள் புதுத் துணி எடுப்பதைத் தள்ளிப்போடுவார்கள், தைத்த கூலியையும் கடன் சொல்வார்கள். பெயரளவில் நான்கு வருமானங்கள். வறட்சி வந்தால் நான்கும் ஒரே மாதத்தில் வற்றும். நீங்கள் சொன்னவற்றில் உங்கள் ஊர் மழையோடு தொடர்பில்லாதது கொழுந்தனார் நகரத்திலிருந்து அனுப்பும் பணம் ஒன்றே. அதைத்தான் கடிதத்தில் வருமானமாகவே நீங்கள் எண்ணவில்லை.

இது உங்கள் வீட்டுக்கு மட்டும் உரிய செய்தி அல்ல. போட்ஸ்வானாவில் ராபர்ட் லூகாஸ், ஓடெட் ஸ்டார்க் இருவரும் நடத்தி 1985-இல் வெளியிட்ட ஆய்வில், வறட்சியால் பாதிக்கப்படக்கூடிய கால்நடைகளை அதிகம் வைத்திருந்த குடும்பங்களுக்கு, வறட்சிக் காலத்தில் வெளியூரிலிருந்த உறவினர்கள் கூடுதலாகப் பணம் அனுப்பியது தெரியவந்தது. வெளியூர்ச் சம்பாத்தியம் அங்கே ஒரு காப்பீடுபோல வேலை செய்திருக்கிறது. எனவே புதிதாக ஒரு வருமானத்தைச் சேர்ப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: எங்கள் வயல் பொய்க்கும் ஆண்டில் இதுவும் பொய்க்குமா? எங்கள் கையில் காசில்லாத மாதத்தில் இது வருமா?

இரண்டாவது கேள்விக்கு விடை காண ஒரு தாளில் பன்னிரண்டு மாதங்களை எழுதி, சென்ற இரண்டு ஆண்டுகளில் எந்தெந்த மாதத்தில் எதிலிருந்து பணம் வந்தது, எதற்குப் போனது என்று கணவரும் நீங்களும் சேர்ந்து குறியுங்கள். கைமாற்று வாங்கிய மாதங்களைத் தனியே வட்டமிடுங்கள். பெரும்பாலும் விதைப்புக்கு முன்பும், அறுவடைக்குச் சற்று முன்பும் அந்த வட்டங்கள் விழும். உங்களுக்கு வேண்டிய புதிய வருமானம் அந்த மாதங்களில் வருவதாக இருக்க வேண்டும்; ஆண்டு முழுமைக்கும் கூட்டிப் பார்த்தால் அது சிறியதாகவே இருந்தாலும் சரி, அந்த மாதத்து வட்டியை அது மிச்சப்படுத்திவிடும்.

பத்து மாடுகள்

கணவரின் திட்டத்தை ஒரேயடியாக மறுக்க வேண்டாம். பால் என்பது வாரந்தோறும் அல்லது பத்து நாளுக்கொரு முறை கையில் காசு தரும் தொழில். பருவத்துக்கு ஒருமுறை மட்டும் பணம் பார்க்கும் குடும்பத்துக்கு அது பெரிய ஆறுதல். தவறு மாட்டில் இல்லை, பத்து என்ற எண்ணிலும் அடமானத்திலும் இருக்கிறது.

நன்றாகக் கறக்கும் ஒரு கலப்பினப் பசுவுக்கு நாளொன்றுக்கு 20 முதல் 25 கிலோ பசுந்தீவனம் வேண்டும். அதற்கு மேல் உலர்தீவனமும், பிண்ணாக்கு, தவிடு போன்ற அடர்தீவனமும். பத்து மாடுகளுக்கு ஒரு நாளைக்கு 200 கிலோ என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், ஆண்டுக்கு 73 டன் பசுந்தீவனம் ஆகிறது. கிணற்றுப் பாசனமுள்ள உங்கள் ஒரே ஏக்கரில் பெரும்பகுதி தீவனப்புல்லுக்கே போய்விடும். அந்த நிலத்தில் காய்கறி ஒப்பந்தத்துக்கு அதிக இடம் மிஞ்சாது. இரண்டையும் ஒரே நிலத்தில், ஒரே கிணற்றில் நீங்கள் மனத்துக்குள் கணக்குப் போட்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. கறவைப் பசு ஒன்று குடிப்பதற்கு மட்டுமே நாளுக்கு 60 முதல் 100 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மழை பொய்த்தால் தீவனத்தை விலைக்கு வாங்க வேண்டிவரும். அப்போது சுற்றியுள்ள எல்லோரும் தீவனம் தேடுவார்கள், எல்லோரும் மாட்டை விற்க முற்படுவார்கள். தீவன விலை ஏறி மாட்டு விலை இறங்கும் அந்த நேரத்திலும் கடன் தவணை தேதி மாறாமல் வரும்.

இன்னொரு கணக்கும் உண்டு. பசு ஈன்றதிலிருந்து ஏறத்தாழ பத்து மாதம் கறக்கும். அடுத்த ஈற்றுக்கு முன் இரண்டு மாதமாவது கறவையை நிறுத்த வேண்டும். சினை பிடிக்கத் தாமதமானால் பால் குறைந்தும் வற்றியும் இருக்கும் காலம் நீளும். புதிதாக ஈன்ற பத்து மாடுகளையும் ஒரே மாதத்தில் வாங்கினால், பத்தும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பால் குறையும். இரண்டு மாடுகளில் தொடங்கி, பின்பு இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகச் சேர்த்தால், பெரும்பாலும் ஒன்றாவது கறவையில் இருக்கும். தொழிலும் அதற்குள் கைவந்துவிடும். கோமாரித் தடுப்பூசி முறையாகப் போடப்படுகிறதா, அருகில் கால்நடை மருத்துவர் கிடைப்பாரா, மாட்டுக்குக் காப்பீடு எடுக்க முடியுமா என்பவற்றை மாடு வாங்கும் முன்பே விசாரித்து வையுங்கள். 2015-இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வு ஒன்று, எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் மிக ஏழைக் குடும்பங்களுக்குக் கால்நடை போன்ற ஒரு சொத்தையும், அதோடு பயிற்சியையும், சில காலத்துக்கு வீட்டுச் செலவுக்கான உதவியையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது. பெரும்பாலான நாடுகளில் குடும்பங்களின் நிலை உயர்ந்தது. உதவி நின்ற பிறகும் அந்த உயர்வு நீடித்தது. ஹோண்டுராஸில் மட்டும், கொடுக்கப்பட்ட கோழிகள் பெருமளவு நோயில் இறந்துபோனதால் பலன் கிட்டவில்லை. அந்தக் குடும்பங்களுக்குக் கோழி இலவசமாக வந்தது. உங்களுக்கோ மாடு கடனில் வரப்போகிறது.

கடைசியாக ஒன்றைக் கேட்கிறேன். நீண்ட உங்கள் கடிதத்தில், அந்தப் பத்து மாடுகளையும் தினம் இருவேளை கறப்பது யார் என்று ஓரிடத்திலும் எழுதப்படவில்லை. கணவர் நகரத்துக்குப் போகும் மாதங்களில் அந்த வேலை யாருடையது என்பதற்கு விடை உங்களுக்கே தெரியும்.

உங்கள் தையலும் உங்கள் நேரமும்

குடும்பம் புதுத் தொழில் தேடும்போது அதன் சுமை பல வீடுகளில் ஓசையில்லாமல் பெண்ணின் நேரத்தில் போய் விழுகிறது. வயல் வேலை, சமையல், முதியவரின் பராமரிப்பு, இவற்றோடு மாடும் தையலும் சேர்ந்தால் ஏதோ ஒன்று நிற்கும். நிற்பது பெரும்பாலும் அவளுக்கென்று இருந்த வருமானமாகவே இருக்கும். அதனால் தையலைக் "கைச்செலவு" என்று ஒதுக்காமல், மூன்று மாதத்துக்கு ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள்: எத்தனை மணி நேரம், எவ்வளவு கூலி, யார் பாக்கி. நிலத்தையும் தண்ணீரையும் கேட்காத, அடமானம் தேவைப்படாத தொழில் உங்கள் வீட்டில் இது ஒன்றே. இதன் குறை நான் மேலே சொன்னதுதான்: வாடிக்கையாளர் எல்லோரும் உங்களைப் போலவே வயலை நம்பியவர்கள். மாதச் சம்பளக்காரர்கள், பள்ளிச் சீருடை, நகரத்துக் கடைகளின் மொத்த ஆர்டர் என்று உள்ளூர் விளைச்சலைச் சாராத வேலையில் பாதியாவது கிடைக்குமா என்று தேடுங்கள். அந்தப் பணத்தை உங்கள் பெயரிலுள்ள கணக்கில் போடுங்கள். இதைக் கணவர்மீது நம்பிக்கையில்லாமல் சொல்லவில்லை. ஒரு தொழிலின் வரவு தனியாகத் தெரிந்தால்தான் அது வளர்கிறதா தேய்கிறதா என்று உங்கள் இருவருக்குமே புரியும்.

கணவர் வெளியே போவது

பங்களாதேஷின் ரங்பூர் பகுதியில், அறுவடைக்கு முந்தைய வறுமை மாதங்களில் வெளியூர் வேலைக்குப் போகத் தயங்கிய குடும்பங்களுக்கு, 2008-இல் பயணச் செலவுக்குரிய சிறு தொகை தரப்பட்டது. அந்த உதவி இல்லாவிட்டால் யாரையும் அனுப்பியிருக்காத 22 சதவீதக் குடும்பங்கள் அதனால் ஒருவரை அனுப்பின. அவ்வீடுகளில் சாப்பாட்டுக்கும் மற்றச் செலவுக்கும் முன்னைவிடத் தாராளம் வந்தது. பலர் அடுத்த ஆண்டுகளில் உதவி இல்லாமலேயே போனார்கள். பின்னாளில் அதே திட்டத்தைப் பெரிய அளவில் நடத்தியபோது அந்தப் பலன் கிட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். போகும் இடத்தில் தெரிந்தவர் இருப்பதும், வேலை உறுதியாவதும் முக்கியம். உங்களுக்கு அங்கே கொழுந்தனார் இருக்கிறார். அது எல்லோருக்கும் கிடைக்காத வசதி. விதைப்பும் அறுவடையும் தவிர்த்த மாதங்களை மட்டும் முன்கூட்டியே குறித்துக்கொண்டு, கூலி எந்த நாளில் எப்படிக் கையில் வரும் என்று தெரிந்துகொண்டு கணவர் போகட்டும். விதைப்பு நேரத்தில் அவர் திரும்பாவிட்டால், ஆள் கூலியாகச் செலவழிவது அவர் அனுப்பிய பணத்தைத் தின்றுவிடும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்

"விலை உறுதி" என்று நிறுவனம் சொல்வதை நீங்கள் வருமானம் உறுதி என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். உறுதியாவது, அவர்கள் ஏற்றுக்கொள்ளும் சரக்குக்கான விலை மட்டுமே. எது தரமான சரக்கு, அதைத் தீர்மானிப்பவர் யார், எடை உங்கள் கண்முன் வயலிலேயே போடப்படுமா அல்லது அவர்களுடைய கிடங்கிலா, கழிக்கப்பட்ட காயை வெளியே விற்க அனுமதி உண்டா, பணம் எத்தனை நாளில் வரும், விதையும் மருந்தும் கடனாகத் தரப்பட்டால் பயிர் கருகிய ஆண்டில் அந்தக் கடன் யாருடையது என்பவை எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்தம் நீங்கள் படிக்கக்கூடிய மொழியில் இருக்கட்டும். இரு தரப்பும் கையெழுத்திட்ட பிரதி ஒன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும். கிணறு வற்றும் ஆபத்து உள்ளவரை, முதல் பருவத்தில் கால் ஏக்கருக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நிலமும் கையெழுத்தும்

நிலத்தை விற்பது பற்றிய உங்கள் யோசனையை நான் ஏற்கவில்லை. வறட்சிக்குப் பிறகு பலரும் விற்க வருவதால் விலை தாழ்ந்திருக்கும். மீண்டும் அதே நிலத்தை வாங்க வசதி வரும்போது விலை ஏறியிருக்கும். விற்காமலே பணம் வேண்டுமென்றால், மானாவாரியில் ஒரு பகுதியைக் குறிப்பிட்ட காலத்துக்கு, எழுத்துமூலமான குத்தகைக்கு விடுவது திரும்பப் பெறக்கூடிய வழி. கால அளவு குறிக்காத வாய்மொழிக் குத்தகை மட்டும் வேண்டாம்.

அடமானத்தைப் பற்றி மூன்று விவரங்களை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். ஜாமீன் கையெழுத்து என்பது சாட்சிக் கையெழுத்து அல்ல. கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் மீதிக் கடன் முழுவதற்கும் ஜாமீன்தாரரைப் பொறுப்பாக்கவே அது பொதுவாக வாங்கப்படுகிறது. நிலம் மாமனார் பெயரில் இருப்பதால் முடிவு அவருடையது என்று நினைக்கிறீர்கள். ஆனால் அது அவர் சம்பாதித்ததா, பரம்பரையாக வந்ததா என்பதைப் பொறுத்து, கொழுந்தனாருக்கும் மற்ற வாரிசுகளுக்கும் அதில் உரிமை இருக்கலாம். அவர்கள் அறியாமல் வைக்கும் அடமானம் நாளை வழக்காகவும், அதைவிட மோசமாக, அவ்வப்போது பணம் அனுப்பும் தம்பியோடு மனக்கசப்பாகவும் முடியும். மூன்றாவதாக, நிரப்பப்படாத தாளிலோ, உங்கள் சார்பில் செயல்படும் உரிமையை இன்னொருவருக்குத் தரும் பொது அதிகாரப் பத்திரத்திலோ, "வழக்கமானதுதான்" என்று யார் சொன்னாலும் கையெழுத்திடாதீர்கள். பத்திரங்களை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக் கருத்துப் பெற ஆகும் செலவைச் சிக்கனப்படுத்த வேண்டாம்.

இவற்றையெல்லாம் வைத்து, உங்கள் நிலையில் நான் சொல்லக்கூடிய வரிசை இதுதான். இந்த ஆண்டு அடமானமும் வேண்டாம், விற்பனையும் வேண்டாம். கணவர் வேலையில்லாத மாதங்களில் தம்பியிடம் போகட்டும். அந்தப் பணத்தில் முதலில், வட்டி அதிகமுள்ள கைமாற்று அடையட்டும். பாசன ஏக்கரில் ஒரு பகுதியில் தீவனப்புல் நட்டு, அது அறுவடைக்கு வந்த பிறகு, நிலத்தைப் பிணையாகக் கேட்காத சிறு கடனிலோ சேமிப்பிலோ இரண்டு மாடுகள் வாங்குங்கள். அவை ஒருமுறை கோடையைக் கடந்து, அடுத்த ஈற்றுக்கு வரும் வரை பொறுங்கள். தீவனச் செலவும் மருத்துவச் செலவும் உங்கள் உழைப்புக்கான கூலியும் போக மிச்சம் நின்றால், மூன்றாவது மாட்டைப் பற்றிப் பேசலாம். அதற்குள் பத்து மாட்டுத் திட்டம் மறுபடி பேச்சுக்கு வந்தால், மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும், மாடு இறந்தாலோ வறட்சி வந்தாலோ தவணையைத் தள்ளிவைக்க முடியுமா, எத்தனை தவணை தவறினால் நிலத்தின்மீது நடவடிக்கை எடுப்பார்கள் என்று கடன் கொடுப்பவரை எழுதித் தரச் சொல்லுங்கள்; அந்தத் தாளைக் கணவர், மாமனார், கொழுந்தனார் மூவரும் இருக்கும்போது வாசித்துக் காட்டுங்கள்.